உட்காராத தலைவர்

பெருந்தாழங்குடி ஊராட்சி மன்றத் தலைவர் கயல்விழி நாற்காலியில் உட்காருவதை நிறுத்திவிட்டார் என்பதை முதலில் கவனித்தவர் துணைத் தலைவர் துரைராசுதான். அவருக்கு அது பிடித்திருந்தது.

அந்த நாற்காலி சும்மா கிடைத்ததல்ல. தலைவர் பதவி பட்டியல் சமூகப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட தேர்தலில் தெற்குத் தெருவிலிருந்து நின்று ஜெயித்தவர் கயல்விழி. பூதலூர்ப் பக்கத்து வயல்களில் சின்ன வயதிலிருந்து நடவு நட்டவர். பிறகு மகளிர் குழு நடத்தியவர். முதல் கூட்டத்துக்குப் போனபோது, நிலம் வைத்திருக்கும் சாதிக்காரர்களின் குடியானத் தெருவைச் சேர்ந்த துரைராசு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைவருக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அங்கேதான் காற்று வரும் என்று காரணம் சொன்னார்கள்.

கயல்விழியின் கணவருக்கு அண்ணன் மகன் பரிதி, தஞ்சாவூரில் வக்கீல். அவர் ஸ்டூலைப் படம் பிடித்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஓராண்டு கழித்து அதிகாரிகள் ஜீப்பில் வந்து, துரைராசுவை எழுப்பி, கயல்விழியை உட்காரவைத்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் கயல்விழி ஆதார் அட்டைக்கு உட்கார்ந்தவரைப் போல விறைப்பாக இருந்தார்.

சில மாதங்கள் உட்கார்ந்தார். பிறகு நிற்க ஆரம்பித்தார்.

காரணம் அரிப்பு. மாதவிலக்கு நின்ற வருஷமே அது தொடங்கியிருந்தது. தொடைகளுக்கு நடுவில், யாரிடமும் பெயர் சொல்லிப் பழக்கமில்லாத இடத்தில். தேர்தல் பிரசாரத்தின்போது வெயில், வியர்வை என்று நினைத்துக்கொண்டார். ஜெயித்த பிறகும் அது போகவில்லை. பகலில் அடங்கிக் கிடக்கும், படுத்தால் எழும். தூக்கத்திலேயே சொறிந்துவிட்டு, காலையில் பார்த்தால் நகக்கண்ணில் ரத்தம் இருக்கும். போகப் போகத் தோல் வெடித்தது. சிறுநீர் பட்டால் மிளகாய் அரைத்த கை பட்டது போல எரிந்தது. வீட்டில் ஒரு பக்கத் தொடையில் பாரத்தைப் போட்டு உட்கார்ந்து சமாளித்தார். சுழல் நாற்காலியில் அது நடக்கவில்லை. ஒரு பக்கம் சாய்ந்தால் நாற்காலி அந்தப் பக்கம் திரும்பி, தலைவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. பூதலூரில் மருந்துக் கடை வைத்திருக்கும் ஜாஹித்திடம் அரிப்புக்கு ஒரு களிம்பு கேட்டார்.

“எங்கக்கா அரிப்பு?” என்றார் ஜாஹித்.

“உடம்புல.”

ஜாஹித் படர்தாமரைக்குப் போடும் களிம்பைக் கொடுத்தார். போட்டதும் எரிச்சல் கூடியது. அடுத்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். சர்க்கரை இருந்தால் அங்கே அரிக்கும் என்றார் டாக்டர். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. “இனிமே வரலாம், இப்பவே குறைச்சுக்குங்க” என்றார். அவர் இடத்தைப் பார்க்கக் கேட்கவில்லை. கயல்விழியும் காட்டவில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது. கயல்விழி டீயில் சர்க்கரையை நிறுத்தினார். அரிப்பு நிற்கவில்லை.

சுத்தம் போதவில்லையோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. வெந்நீரில் கிருமிநாசினி கலந்து, காலையும் மாலையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அதனால் வெடிப்பு ஆழமானது. ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். தோல் வெளுத்துப்போயிருந்தது. வெண்குஷ்டம் என்று முடிவு கட்டினார். முகத்துக்கு அது ஏறுவதற்குள் பதவிக்காலம் முடிந்துவிடும் என்று ஒரு தைரியம் சொல்லிக்கொண்டு, நின்றபடியே கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

தலைவர் நிற்பதால் ஊராட்சிச் செயலர் சதீஷும் நிற்க வேண்டியதாயிற்று. செயலர் நிற்பதால் வார்டு உறுப்பினர்கள் நின்றார்கள். கால் வலித்ததால் கூட்டங்கள் சீக்கிரம் முடிந்தன. தீர்மானங்கள் விவாதம் இல்லாமல் நிறைவேறின. இந்த வட்டாரத்திலேயே சுறுசுறுப்பான ஊராட்சி இதுதான் என்று வட்டார வளர்ச்சி அலுவலர் ஒரு கூட்டத்தில் குறிப்பிட்டார்.

துரைராசு மட்டும் உட்கார்ந்திருந்தார். “என்ன சட்டம் வந்தா என்ன? பழைய மரியாதை தெரிஞ்ச பொம்பள. நான் இருக்கறப்ப உட்கார மனசு வரல பாரு” என்று டீக்கடையில் சொன்னார். அந்தப் பேச்சு வெண்ணாற்றைத் தாண்டித் தஞ்சாவூருக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரிதி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“சித்தி, உண்மையச் சொல்லுங்க. யாரு மிரட்டுறா?”

“யாரும் மிரட்டல.”

“அப்புறம் ஏன் நிக்கிறீங்க?”

“நின்னா வேலை சுருக்க முடியுது.”

“அந்த நாற்காலிக்காக நான் எத்தனை தடவ கலெக்டர் ஆபீஸ் படி ஏறியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்ப்பா.”

“அதுல உட்காருறதும் உட்காராததும் உங்க சொந்த விருப்பம் இல்ல சித்தி. அது உரிமை.”

கயல்விழி அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். உரிமை எரிகிறது என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? பரிதி டீயைக் குடித்துவிட்டு, போகிற வழியிலேயே மனு எழுதிவிட்டார்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். எல்லாருக்கும் நாற்காலி போட்டார்கள். “மொதல்ல நீங்க உட்காருங்கம்மா” என்றார் அதிகாரி. கயல்விழி உட்கார்ந்தார். விசாரணை நெடுநேரம் நடந்தது.

துரைராசு எழுந்து நின்று பேசினார். “ஐயா, அன்னைக்கு ஸ்டூல் போட்டது நாந்தான். அத இல்லேங்கல. ஆனா இதுல எனக்குச் சம்மந்தமே இல்லீங்க. அவங்களாத்தான் நிக்கிறாங்க.”

“அப்படியாம்மா?” என்றார் அதிகாரி.

“ஆமாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல” என்றார் கயல்விழி. உட்கார்ந்து உட்கார்ந்து எரிச்சல் தாங்காமல் அவர் கண்ணில் நீர் முட்டி வழிந்துவிட்டது. ‘தம்மை எவரும் தடுக்கவில்லை என்று தலைவர் கண்ணீருடன் தெரிவித்தார்’ என்று அதிகாரி எழுதிக்கொண்டார். பத்து நாளில் துரைராசுவுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. செய்யாத குற்றத்துக்கு நோட்டீஸ் வாங்குவது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவை. எப்படி அழுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கயல்விழிக்கு அது உறுத்தியது. துரைராசு நல்லவர் என்று அவர் எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை. ஆனால் இது அவர் செய்ததல்ல. உண்மையைச் சொன்னால் நோட்டீஸ் போய்விடும். உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தை அவரிடம் இல்லை.

இந்த நிலையில்தான் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைத் திரை போட்டு மறைத்தார்கள். செவிலியர் கலைமகள் காலையிலிருந்து காத்திருந்தார். வாசலில் நிறையப் பெண்கள் கூடியிருந்தார்கள். உள்ளே ஒருவரும் வரவில்லை. முகாமைத் தொடங்கிவைக்கக் கயல்விழி குத்துவிளக்கேற்றினார். சதீஷுக்கு ஒரு யோசனை தோன்றியது. மைக்கை எடுத்தார்.

“தாய்மார்களே, பயப்பட ஒண்ணுமில்ல. நம்ம தலைவர் அம்மாவே மொதல் ஆளா பரிசோதனை செஞ்சுக்கிட்டு முன்மாதிரியா இருப்பாங்க!”

கைதட்டினார்கள். கயல்விழி சதீஷைப் பார்த்தார். சதீஷ் பெருமையாகச் சிரித்தார். முன்னே போவதைத் தவிர வேறு வழியில்லை. பின்னால் ஊரே நின்றது.

திரைக்குப் பின்னால் படுத்து, சேலையை ஏற்றிக்கொண்டு, கூரையைப் பார்த்தார். கலைமகள் விளக்கைத் திருப்பினார். பார்த்துவிட்டு விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

“தலைவரம்மா, இது எவ்வளவு நாளா இருக்கு?”

“எது?”

“இந்தத் தோல்.”

“நாலு வருஷம் இருக்கும். அரிச்சுக்கிட்டே இருக்கு.”

“யாரு பாத்தா?”

“யாரும் பாக்கல. நீதாம்மா மொத ஆளு.” கூரையைப் பார்த்தபடியே கேட்டார்: “வெண்குஷ்டமா?”

“இல்லன்னுதான் தோணுது. வெண்குஷ்டம்னா வெறுமனே வெளுக்கும். அரிக்காது, இப்படி மெலிஞ்சு சுருங்கி வெடிக்காது. பூஞ்சை மாதிரியும் இல்ல. பேரு சொல்ற அளவுக்கு நான் படிக்கலம்மா. தஞ்சாவூர்ல வானதி மேடம்னு தோல் டாக்டர் இருக்காங்க. அவங்ககிட்ட சீட்டு எழுதித் தரேன்.”

“தோல் டாக்டரா? இதுக்கா?”

“இதுவும் தோல்தானம்மா” என்றார் கலைமகள். பிறகு முகாமின் வேலையையும் முடித்தார். கர்ப்பப்பை வாய் நன்றாக இருந்தது.

கயல்விழி வெளியே வந்தபோது பெண்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். “ஒண்ணுமில்ல, போங்க” என்றார். அன்று பதினைந்து இருபது பேர் உள்ளே போனார்கள்.

தஞ்சாவூருக்குக் கணவர் அண்ணாதுரையும் கூட வந்தார். குத்தகை நிலத்தில் பம்புசெட்டுத் தண்ணீரில் கோடை நெல் போட்டிருந்தார். களையெடுப்பை ஒரு நாள் தள்ளிவைத்தார். அதிகம் பேசாத மனிதர். பஸ்ஸில் கயல்விழியின் முழங்கை, கழுத்து, பாதம் எல்லாவற்றையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தவர், திருக்காட்டுப்பள்ளி ரோடு பிரியும் இடத்தில் வாய் திறந்தார்.

“தோலு நல்லாத்தான இருக்கு?”

“இங்க இல்ல” என்றார் கயல்விழி. அண்ணாதுரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் வானதி ஐம்பது வயதுக்காரர். வேகமாகப் பேசினார், மெதுவாகப் பார்த்தார். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, “நீங்களும் பாருங்க. உங்க உடம்பு, எனக்கு மட்டும் தெரிஞ்சா போதாது” என்றார். கயல்விழி பார்த்தார். பூண்டுத் தோல் போல வெளுத்துச் சுருங்கிப் பளபளத்தது. அங்கங்கே சிவந்த கீறல். உள்பக்கத்து மடிப்புகள் கரைந்து ஒட்டிப்போயிருந்தன.

“இதுக்குப் பேரு லைக்கன் ஸ்க்ளிரோசஸ்.”

“புத்துநோயா?”

“இல்ல.”

“ஒட்டுமா? அவருக்கு?”

“ஒட்டாது. நீங்க யார்கிட்டயும் வாங்கிக்கல, யாருக்கும் குடுக்கவும் மாட்டீங்க. சுத்தம் இல்லாததால வந்ததும் இல்ல. உடம்போட காவல் அமைப்பே தன் தோலத் தாக்குது. மாதவிலக்கு நின்ன பொம்பளைங்களுக்கு அதிகம் வரும். சின்னப் பிள்ளைங்களுக்கும் வரும். எதைப் போட்டுக் கழுவுறீங்க?”

கயல்விழி சொன்னார்.

“அதெல்லாம் நிறுத்துங்க. வெறும் தண்ணி போதும். உங்க கையைக் கூட நீங்க அப்படித் தேய்ச்சிருக்க மாட்டீங்க.”

வெடிப்புக்கு அருகில் மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து முடிவைப் பார்க்கக் கணவரோடு மறுபடி வந்தபோது மருந்து எழுதினார். வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கி, ராத்திரியில் ஒரு தடவை, வெளுத்த இடத்தில் மட்டும். ஒரு மாதம் தினமும், அடுத்த மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை.

“எதுவரைக்கும்?”

“பெரும்பாலும் ஆயுசுக்கும். இதை அடக்கி வைக்கலாம், ஒழிக்க முடியாது. அடக்கி வைக்கலேன்னா இன்னும் ஒட்டி மூடிக்கும். ரொம்பச் சில பேருக்குப் பின்னாடி புத்துநோயா மாறலாம். அதனால வருஷா வருஷம் வந்து காட்டணும். ஆறாத புண்ணு, கட்டி மாதிரி எது வந்தாலும் காத்திருக்காம வரணும்.” பிறகு மேஜையில் இருந்த பேனாவை நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டார்: “வீட்டுக்காரரோட இருக்கறப்ப வலிக்குமா?”

“அதெல்லாம் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுங்க.”

“அவருக்குக் காரணம் தெரியுமா?”

கயல்விழி மருந்துச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தார்.

பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு காபிக் கடையில் அண்ணாதுரை இரண்டு காபி சொன்னார். கயல்விழி நின்றுகொண்டே குடித்தார். குடித்து முடித்ததும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நோயின் பெயரை மட்டும் சொல்ல வரவில்லை. அண்ணாதுரை கேட்டுக்கொண்டே இருந்தார். காபியில் ஆடை படிந்தது.

“அப்ப என் மேல கோவம் இல்லையா?” என்றார்.

“உங்க மேல என்ன கோவம்?”

“நான் பம்புசெட்டுல போயிப் படுக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆவுது.”

“மோட்டார் திருடு போவுதுன்னுல்ல சொன்னீங்க?”

“அந்த மோட்டாரை எவன் திருடுவான்?” என்றார் அண்ணாதுரை. “தலைவர் ஆயிட்ட. கிட்ட வந்தாலே வெறுப்பா நகர்ந்த. சரி, நம்மளப் புடிக்கலபோலன்னு…”

கயல்விழிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பாக இல்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அங்க கொசு கடிக்கலயா?”

“கடிச்சுது” என்றார் அண்ணாதுரை.

களிம்பு வாங்கப் பூதலூரில் இறங்கினார்கள். ஜாஹித் சீட்டைப் பார்த்தார். இந்தத் தடவை கயல்விழி எங்கே என்று சொன்னார். ஜாஹித்தின் முகம் மாறியது. “அக்கா, இது ரொம்ப ஸ்ட்ராங்கு. அங்கல்லாம் போடக்கூடாதும்பாங்களே” என்று பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தார். முகத்தில், அக்குளில், பிறப்புறுப்பில் போட வேண்டாம் என்று அதில் அச்சடித்திருந்தது. அவர் நல்லதற்குத்தான் சொன்னார். கயல்விழி ஒரு வாரம் போட்டார். அரிப்பு பாதியாகக் குறைந்தது. அந்தக் காகிதம் மட்டும் மனதிலேயே நின்றது. தோல் உரிந்துவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டார். இரண்டு வாரத்தில் அரிப்பு முழுசாகத் திரும்பி வந்தது.

மறுபடி பார்க்கப் போனபோது டாக்டர் வானதி களிம்புக் குழாயை வாங்கி அழுத்திப் பார்த்தார். அது கனமாக இருந்தது.

“யாரு நிறுத்தச் சொன்னா?”

“உள்ள இருந்த தாளுல போட்டிருந்துச்சுங்க.”

“அந்தத் தாளு ஊருல இருக்கற எல்லாருக்கும் எழுதினது. நான் உங்களைப் பாத்து எழுதினேன். தப்பான நோய்க்கு, தப்பான ஆளு, அளவில்லாமப் போட்டா கெடுதல்தான். அதனாலதான் அளவு சொல்லியிருக்கேன். இந்த நோய்க்கு இதுதான் மருந்து. சந்தேகம் வந்தா எனக்குப் போன் பண்ணுங்க. காகிதத்துக்கிட்ட கேக்காதீங்க.”

கயல்விழி அந்தத் தாளை அங்கேயே குப்பைக் கூடையில் போட்டார். அன்றிலிருந்து தவறாமல் போட்டார். கொஞ்சம் கொஞ்சமாக வெடிப்பு ஆறியது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது, ராத்திரி முழுக்கத் தூங்கியிருப்பது தெரிந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அதை மனசுக்குள்ளேயே வைத்துச் சந்தோஷப்பட்டார். வெளுப்பு முழுதும் போகவில்லை. ஒட்டியது ஒட்டியதுதான். அது திரும்பாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அண்ணாதுரை பம்புசெட்டிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். தெருவில் யாரோ கேட்டதற்கு மோட்டாரைப் பூட்டிவிட்டதாகச் சொன்னார்.

நோட்டீஸ் விஷயமாகக் கயல்விழியே விசாரணை அதிகாரியைப் போய்ப் பார்த்தார். “உடம்பு முடியாமத்தாங்க நின்னேன். துணைத் தலைவர் மேல தப்பில்ல.”

“உடம்புக்கு என்னம்மா?”

“பொம்பள சமாச்சாரம்.”

அதிகாரி உடனே பேனாவை மூடினார். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் எந்த விசாரணையும் போவதில்லை என்பதைக் கயல்விழி அன்று தெரிந்துகொண்டார். துரைராசுவின் கோப்பு முடிக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்தில் கயல்விழி உட்கார்ந்தார். கூட்டம் மத்தியானம் வரை நடந்தது. இத்தனை நாளாகப் பாதிக் கவனத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர், முதல் தடவையாக முழுக் கவனத்தோடு கேட்டார். மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்குள் எந்த வாய்க்காலைத் தூர்வாருவது என்று பேச்சு வந்தது. வழக்கம்போலத் துரைராசுவின் வயலுக்குப் போகும் வாய்க்காலிலிருந்து தொடங்கலாம் என்றார்கள். தெற்குத் தெரு வயல்களுக்குப் போகும் வாய்க்கால் கோரை மண்டிக் கிடப்பதைப் பற்றிக் கயல்விழி கேட்டார். துரைராசு சத்தம் போட்டார். கயல்விழியும் போட்டார். தீர்மானம் தள்ளிப்போனது. தலைவருக்கு உடம்பு சரியானதில் ஊராட்சியின் சுறுசுறுப்பு போய்விட்டதாகச் சதீஷ் வருத்தப்பட்டார்.

வாய்க்கால் முடிவாகும்வரை குளம் வெட்ட வந்த நூறு நாள் வேலைப் பெண்களிடம், ஆண்கள் டீக்குப் போன நேரத்தில், கயல்விழி தன் நோயைப் பற்றிப் பேசினார். திட்டமிட்டுப் பேசவில்லை. ஒருத்தி மண்வெட்டியை வைத்துவிட்டு, உட்காராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். அதைப் பார்த்ததும் வார்த்தை வந்துவிட்டது.

“எனக்குக் கீழ நாலு வருஷமா அரிச்சுச்சு. தோலு வெளுத்து வெடிச்சுப் போச்சு. வெளிய சொல்லாம இருந்தேன். அது ஒரு தோல் நோயி. தோல் டாக்டர் பாத்தாங்க, களிம்பு குடுத்தாங்க, இப்ப அடங்கிக் கெடக்கு. யாருக்காவது அப்படி இருந்தா காட்டுங்க. கண்டதை வாங்கிப் போடாதீங்க.”

ஒரு கொக்கு குளத்தில் இறங்கி நடந்தது. “மத்தியானத்துக்கு மேல மழை வரும்போலிருக்கு” என்றார் ஒரு பெண். எல்லாரும் மண்வெட்டியை எடுத்தார்கள்.

ஆனால் அந்த வாரத்திலிருந்து கயல்விழியின் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. ஒருவரும் தனக்கென்று கேட்கவில்லை. ஒருத்தி தங்கச்சிக்காகக் கேட்டாள். ஒருத்தி திருவையாற்றில் கட்டிக்கொடுத்த நாத்தனாருக்காக. அக்காவே இல்லாத ஒருத்தி அக்காவுக்காகக் கேட்டாள். கயல்விழி எல்லாருக்கும் டாக்டர் வானதியின் விலாசத்தைச் சொன்னார்.

ஒரு சாயங்காலம் துரைராசுவின் மனைவி ராஜாத்தி வந்தார். தெற்குத் தெருவுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நெல் விதை பற்றிக் கொஞ்சம் பேசினார். வெயில் பற்றிப் பேசினார்.

“பூம்புகார்ல எனக்கு ஒண்ணுவிட்ட அக்கா ஒருத்தங்க இருக்காங்க” என்றார் பிறகு. “அவங்களுக்கு அந்த மாதிரி இருக்காம்.”

“எவ்வளவு நாளா?”

“ஆறேழு வருஷமா. ராத்திரியெல்லாம் தூங்கறதில்லையாம், பாவம்.”

“வரச் சொல்லுங்க. நானே கூட்டிட்டுப் போறேன்.”

“வெள்ளிக்கிழமை வர்றேன்னிருக்காங்க” என்றார் ராஜாத்தி.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்தில் ராஜாத்தி தனியாக நின்றார். பட்டுச் சேலை கட்டியிருந்தார். அக்கா எங்கே என்று கயல்விழி கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ராஜாத்தி டிக்கெட் எடுத்தார். ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். குடியானத் தெரு ஆட்கள் இரண்டு பேர் பின்னால் இருந்து பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

டாக்டர் வானதி, “யாருக்குப் பாக்கணும்?” என்றார்.

ராஜாத்தி கயல்விழியைப் பார்த்தார். கயல்விழி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

“எனக்குத்தான்” என்றார் ராஜாத்தி.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வர அரை மணி நேரம் ஆனது. வெளியே வந்த ராஜாத்தியின் முகத்தில் நிம்மதியும் ஒரு குறையும் சேர்ந்திருந்தன. அவருக்கு வந்தது கயல்விழிக்கு வந்ததல்ல. வாசனைப் பவுடரும் சோப்பும் ஒத்துக்கொள்ளாமல் அரித்திருக்கிறது. சொறியச் சொறியத் தோல் தடித்திருக்கிறது. தடித்ததால் இன்னும் அரித்திருக்கிறது. பவுடரை நிறுத்தி, வேறொரு களிம்பைப் போட்டு, சொறியாமல் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ராஜாத்தி மருந்துச் சீட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“உங்களுக்கு ஆயுசுக்கும் மருந்துன்னீங்க. எனக்கு மூணு மாசந்தானா?”

“நல்லதுதானங்க?”

“நல்லதுதான். ஏழு வருஷம் அவ்வளவு பாடுபட்டேன், கடைசில பவுடர்னுட்டாங்களே.”

கயல்விழி சிரிப்பை அடக்கிக்கொண்டார். ராஜாத்தியும் கொஞ்சம் சிரித்தார். வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதும் அவர் குரலைத் தாழ்த்தினார். “நான் டாக்டர்கிட்ட வந்தது எங்க வீட்டுல தெரிய வேணாம்.”

“நான் எதுக்குச் சொல்றேன்?”

“ம்.” ராஜாத்தி கைப்பையை மூடித் திறந்தார். “அந்த வாய்க்கால் விஷயத்துல அவரு பண்றது தப்புதான். உங்க பக்கத்து வாய்க்காலத்தான் மொதல்ல வெட்டணும். இதையும் நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

கயல்விழி சரி என்றார். பஸ் பூதலூர் ரயில்வே கேட்டில் நின்றது. ரயில் வரத் தாமதம் ஆகும் போலிருந்தது. கடலை விற்கிறவர் ஏறினார். கயல்விழி இரண்டு பொட்டலம் வாங்கி ஒன்றை ராஜாத்தியிடம் நீட்டினார். ராஜாத்தி வாங்கிக்கொண்டார்.